ஏழாவது புள்ளி

தண்ணீர் மீட்டர் பார்ப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடம் வீடு வீடாகக் குனிந்து நிமிர்ந்ததில் அந்தப் பகுதியில் அவளுக்குத் தெரியாத சந்து பொந்து கிடையாது. எல்லோருக்கும் அவள் மீட்டரக்கா.

போனில் ஒரு விளையாட்டு உண்டு. யாராவது ஒரு சின்ன டப்பாவை ஒளித்துவைத்து, இடத்தை எண்களாகச் செயலியில் போடுவார்கள். தேடிக் கண்டுபிடிப்பவர்கள் உள்ளேயிருக்கும் நோட்டில் கையெழுத்திட்டு, டப்பாவைத் திரும்ப வைத்துவிட வேண்டும். நான்கு வருடம் தேடிக்கொண்டிருந்தவளுக்குத் தானும் ஒன்றை ஒளித்துவைக்க ஆசை வந்தது.

வேலைக்குப் போன இடங்களில் எடுத்த வண்ணத்துப்பூச்சிப் படங்கள் நிறைய இருந்தன. ஐந்தைப் பொறுக்கி, எண்களுக்குப் பதில் புதிராகச் செயலியில் போட்டாள். ஒவ்வொன்றின் இறக்கைப் புள்ளிகளையும் எண்ணி, எண்களை வரிசையாகப் போட்டால் இடம் தெரியும். டப்பாவைப் பூங்கா வேலியில் கட்டிவைத்தாள்.

மூன்று வாரமாகியும் நோட்டு வெறுமையாகவே இருந்தது.

"ரொம்பக் கஷ்டமா வச்சுட்டியோ?" என்றார் கணவர். அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அப்புறம் ஒருநாள் மீட்டர் பார்க்கப் போனவளைச் சலவைக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நீ தெருத்தெருவா சுத்துற ஆளு. யாரும்மா இவங்கெல்லாம்? வந்து வந்து என் செவுத்தைத் தடவிப் பாக்குறாங்க. கேட்டா பட்டாம்பூச்சிங்கிறாங்க!"

அவளுக்குச் சுருக்கென்றது. போனை எடுத்து படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூன்றாவதில் இறக்கையின் ஓர மடிப்பில் மங்கலாக ஏழாவது புள்ளி. அவள் எண்ணியது ஆறு. அந்த ஒரு புள்ளியில் இடம் ஒரு தெரு தள்ளிப் போயிருந்தது.

நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பு என்னோடதுண்ணே. இன்னைக்கே சரி பண்ணிடறேன்."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து பழைய ரசீதுப் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினார். பின்பக்கங்களில் பதினான்கு கையெழுத்துகள்.

"அவ்வளவு தூரம் வந்துட்டு வெறுங்கையோட போறாங்களேன்னு பாவமா இருந்துச்சு. இதுலயாச்சும் போடுங்கன்னேன். ஒரு பொண்ணு அரை மணி நேரம் உக்காந்து பூச்சிக் கதையே சொல்லிட்டுப் போச்சு." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "சரி பண்ணிட்டா இங்க யாரும்மா வருவா?"

பெண்டாட்டி போனபின் அந்தக் கடையில் அவர் தனி ஆள். மீட்டரக்கா போனை உள்ளே வைத்தாள். புதிரில் கை வைக்கவில்லை. வேலியிலிருந்த டப்பாவை அவிழ்த்துவந்து கடைச் சுவரின் குழாய்க்குப் பின்னால் செருகினாள். பதினான்கு பேருக்கும் செயலியில் மன்னிப்புக் கேட்டு எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை சட்டைகளோடு கடைக்குப் போன அவள் கணவர், மெல்லக் குனிந்து கேட்டார்: "டப்பா எங்க இருக்கு? எனக்கு மட்டும் சொல்லுங்க."

"எந்த டப்பா சார்?" என்றார் கடைக்காரர், காலரை மடித்தபடி.