அப்பொலேனாவின் ஐந்து முத்திரைகள்

அப்பொலேனா முப்பத்தெட்டு வருஷம் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து முத்திரை குத்தியவள். மை அட்டையில் ஒரு குத்து, காகிதத்தில் ஒரு குத்து. டப், டப். ஹோலெஷோவ் ஊரில் அவள் கை படாமல் ஒரு கடிதமும் வெளியே போனதில்லை. ஓய்வு வாங்கின பிறகும் அந்தக் கை ஓயவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடியை வைத்தாலும் டப், டப் என்றுதான் வைப்பாள். முத்திரை இல்லாவிட்டால் அது நடக்கவே இல்லை என்பது அவள் கட்சி.

அந்த ஊர் நடையர் சங்கத்தின் கட்சியும் அதுவேதான். மலையோ கோட்டையோ, ஏறிப் போனால் அங்கே ஜன்னல் ஓரமாக ஒரு ரப்பர் முத்திரை கயிற்றில் தொங்கும். நோட்டில் குத்திக்கொண்டு வந்தால் போனதாக அர்த்தம். குத்தாமல் வந்தால், காலில் கொப்புளத்தைக் காட்டினாலும் போகவில்லை என்றுதான் அர்த்தம். செக் நாட்டு மொராவியாவில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சங்கத் தலைவர் ஒப்லுஷ்தில், ஒரு காலத்தில் எடை, அளவு இன்ஸ்பெக்டர். கறிக்கடைத் தராசை எப்படிப் பார்த்தாரோ அப்படியேதான் மனுஷரையும் பார்ப்பார். எண்பத்தேழாம் வருஷம் அப்பொலேனா சுளுக்கின காலோடு காட்டுக் கோபுரத்தில் இருநூற்றுப் பதினாலு படி ஏறினாள். மேலே போனால் காவலாளி இல்லை. மகள் கல்யாணமாம், முத்திரையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தான். கீழே நின்ற நாற்பது பேரும் அவள் கை அசைத்ததைப் பார்த்தார்கள். ஒப்லுஷ்திலும் தொப்பியை ஆட்டினார். ஆட்டிவிட்டு, அவள் நொண்டிக்கொண்டு இறங்கி வந்ததும், “சீல் இல்லையே அப்பொலேனா அம்மா. அப்ப நீங்க ஏறல” என்றார்.

அவள் நோட்டில் அந்தப் பக்கத்தை வெறுமையாகவே விட்டு வைத்தாள். ஏழு வருஷமாக அது வெறுமையாகவே இருந்தது.

சங்கத்தில் பெரிய விருது தங்க பூட்ஸ். சட்டையில் குத்திக்கொள்ள விரல்நுனி அளவுக்கு ஒரு பூட்ஸ், தங்க முலாம் பூசியது. ஐந்து அயல்நாட்டு நகரங்களின் முத்திரை நோட்டில் இருந்தால் கிடைக்கும். அதுவரைக்கும் அதைக் குத்திக்கொண்டிருந்தது ஒரே ஆள், ஒப்லுஷ்தில். அந்த விருதை ஏற்படுத்தினதும் அவர்தான், அவருக்கு அதைக் கொடுத்ததும் அவர்தான்.

கம்யூனிஸ்ட் ஆட்சி போய் எல்லை திறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ‘ஐந்து நகரம், ஆறு நாள், மலிவு’ என்று ரொட்டிக் கடைக் கண்ணாடியில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். வியன்னா, வெனிஸ், மிலான், பாரிஸ், ப்ரஸ்ஸல்ஸ். பஸ் சீட்டிலேயே தூக்கம், சாப்பாடு அவரவர் பாடு. அப்பொலேனா அதைப் படித்த அன்றைக்கே இரண்டு சீட்டுக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்தாள்.

“எனக்குமா?” என்றார் அவள் கணவர் அலோய்ஸ். ஜன்னலுக்குக் கண்ணாடி போடுகிற வேலை செய்து ஓய்ந்தவர். அதிகம் பேசமாட்டார். எந்த ஊருக்குப் போனாலும் கழுத்தை அண்ணாந்து ஜன்னல்களையே பார்த்துக்கொண்டு நடப்பார்.

“பின்ன? பையை யார் தூக்குவா?”

பையில் இருந்தது பெரும்பாலும் இறைச்சி. ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த துண்டுகள், மொத்தம் நாற்பது. ஈரல் விழுது டின் பன்னிரண்டு, அவித்த முட்டை, ஊறுகாய் வெள்ளரி. பஸ்ஸில் ஏறின நாற்பத்தாறு பேரும் அதையேதான் கொண்டுவந்திருந்தார்கள். ஊர் எல்லை தாண்டுமுன்பே ஒருத்தர் டப்பாவைத் திறந்தார், உடனே எல்லாரும் திறந்தார்கள். டிரைவர் ரதிம் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “இது ஐரோப்பா பஸ்ஸா, எண்ணெய்ச் சட்டியா?” என்றான்.

வியன்னாவில் ஒரு கஷ்டமும் இல்லை. பெரிய கோயிலின் கடையில் முத்திரை இருந்தது. டப். கோயிலை அண்ணாந்துகூடப் பார்க்காமல் பஸ்ஸுக்குத் திரும்பினாள். வெனிஸில்தான் சிக்கல். அரண்மனையில் முத்திரை இல்லை, மணிக்கூண்டில் இல்லை. படகுக்காரனிடம் கேட்டதற்கு அவன் பாட்டுப் பாடினான். தண்ணீரில் மிதக்கிற ஊரைப் பார்க்கப் பூமியின் அந்தக் கோடியிலிருந்தெல்லாம் ஜனம் வந்து குவிந்திருக்க, அப்பொலேனா கதவு கதவாக ஏறி இறங்கினாள். கடைசியில் ஒரு மருந்துக்கடைக்காரர் மனம் இரங்கினார். கால் வெடிப்புக்குக் களிம்பு ஒன்று வாங்கினாள், அவர் கடை முத்திரையை நோட்டில் குத்திக் கொடுத்தார்.

“பொலென்கா, அந்தப் பாலத்தையாவது பாத்தியா?” என்றார் அலோய்ஸ். வெயிலில் அண்ணாந்து அண்ணாந்து அவர் கழுத்து சிவந்திருந்தது.

“அது மேலதான் ஓடினேன், லோய்ஸா. இன்னும் மூணு ஊர் இருக்கு, பேச்சுக் குடுக்காத.”

மிலானில் இரண்டு மணி நேரம்தான் கொடுத்திருந்தார்கள். அலோய்ஸ், வழிக்கு இருக்கட்டும் என்று ஒரு இறைச்சித் துண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பெரிய கோயிலுக்குள் நுழைந்துவிட்டார். அப்பொலேனாவுக்கு யோசனை வந்தது. முத்திரைக்குப் பஞ்சமே இல்லாத இடம் உலகத்தில் ஒன்று உண்டு. நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

அங்கே இருந்த இளம் அதிகாரிக்கு ஜெர்மன் அரைகுறை. அவளுக்கும் அரைகுறை. இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று ஆகும் என்று நினைத்துவிடக் கூடாது. அவள் நோட்டைக் காட்டினாள். இத்தனை வயதான அம்மா தனியாக வந்து படபடக்கிறாளே என்று அவன் பதறிப்போய் நாற்காலி போட்டான்.

“கணவர்?” என்று கேட்டான்.

“உண்டு.”

“எங்கே?”

“தெரியாது” என்றாள். உண்மைதானே? கோயிலுக்குள் எந்த மூலையில் நிற்கிறார் என்று யார் கண்டது? அவன் உச்சுக்கொட்டினான். உயரம் எவ்வளவு என்று கையால் கேட்டான், அவளும் கையால் காட்டினாள். முடி? இல்லை. கையில் என்ன? சொன்னாள். அவன் ஒரு தாள் முழுக்க எழுதி, விலாசமும் கையெழுத்தும் வாங்கி, பெரிய வட்ட முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினான். நடுவே சிங்கமோ கிரீடமோ ஏதோ ஒன்று. அப்படி அழகான முத்திரையை அவள் தன் உத்தியோக காலத்திலேயே பார்த்ததில்லை. ஒரு நகலைக் கையில் கொடுத்து, தோளைத் தட்டி அனுப்பினான். அவள் அதை மடித்து நோட்டில் ஒட்டிக்கொண்டாள்.

பாரிஸில் கோபுரத்தடியில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றாள். முறை வந்ததும் டிக்கெட் கொடுக்கிறவன் தோளைக் குலுக்கினான். முத்திரையா? அப்படி ஒன்று இல்லை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. கோபுரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தாள். இரண்டு தெரு தள்ளி ஒரு தபால் ஆபீஸ். கவுன்ட்டரில் அவள் வயதுப் பெண் ஒருத்தி, மூக்கு நுனியில் கண்ணாடி. கடிதம் இருந்தால்தான் முத்திரை என்று கையை விரித்தாள். அப்பொலேனாவுக்கு பிரெஞ்சில் ஒரு வார்த்தை வராது. மேஜைமேல் கையை முட்டியாக மடக்கிக் காட்டினாள். டப், டப். முதல் குத்து இடது பக்கம், மை அட்டைக்கு; இரண்டாவது வலது பக்கம், காகிதத்துக்கு. அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். சிரித்தாள். தன் முத்திரைக் கட்டையையே கவுன்ட்டருக்கு வெளியே நீட்டினாள். அப்பொலேனா தானே குத்திக்கொண்டாள். அந்தப் பயணத்தில் அவள் நின்று நிதானமாகப் பார்த்த ஒரே காட்சி அதுதான்.

ப்ரஸ்ஸல்ஸில் கொட்டு மழை. திறந்திருந்த முதல் கதவில் நுழைந்தாள், குத்தச் சொன்னாள், ஓடிவந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்து விரித்தபோதுதான் தெரிந்தது, முத்திரையில் ஒரு நாய்ப் பாதம். அது நாய் டாக்டர் வீடு.

இலையுதிர் காலத்துக் கூட்டத்துக்குச் சங்கமே திரண்டு வந்தது. ஒப்லுஷ்தில் நோட்டை ஒரு வாரம் முன்னாலேயே வாங்கி வைத்துக்கொண்டு, நூலகத்து அகராதியோடு உட்கார்ந்திருந்தார் என்று ஊரில் பேச்சு.

“வியன்னா சரி. வெனிஸ்… மருந்துக்கடை” என்று ஆரம்பித்தார்.

“வெனிஸ்ல இருக்கிற மருந்துக்கடைதானே தலைவரே? நம்ம ஊர் சந்தை மூலையிலயா இருக்கு?”

“பாரிஸ், தபால் ஆபீஸ். ப்ரஸ்ஸல்ஸ், நாய் டாக்டர்.”

“தடுப்பூசி போட்டாச்சா அக்கா?” என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

“மிலான். அப்பொலேனா அம்மா, இந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“சீல் இருக்கு. போதும்.”

“உங்க வீட்டுக்காரர் காணாமப் போயிட்டார்னு எழுதியிருக்கு.” அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “நடுத்தர உயரம். தலை வழுக்கை. கடைசியாப் பாத்தப்ப கையில பொரிச்ச இறைச்சி.”

கூடம் அதிர்ந்தது. அப்பொலேனாவின் காது சிவந்தது. அலோய்ஸ் மெல்ல எழுந்தார். “அதுல ஒண்ணும் தப்பில்ல தலைவரே. அன்னிக்கு ரெண்டு மணி நேரம் நான் காணாமத்தான் போயிருந்தேன். கோயில்ல கண்ணாடி பாத்துட்டு இருந்தேன். ஒவ்வொரு ஜன்னலும் நம்ம வீட்டை விட உசரம். சிவப்புல மட்டும் ஆறு வகை.”

“பாத்தீங்களா!” ஒப்லுஷ்தில் மேஜையைத் தட்டினார். “இவர் பாத்திருக்கார். நீங்க சொல்லுங்க, அந்தக் கோயில் உச்சியில என்ன நிக்குது?”

அலோய்ஸ் அதைப் பஸ்ஸில் மூன்று தடவை சொல்லியிருந்தார். அவள்தான் காதில் வாங்கவில்லை. எதையாவது அடித்துவிட்டிருக்கலாம். அவள் அப்படிப்பட்ட பெண் இல்லை.

“தெரியாது. போலீஸ் ஸ்டேஷன் கூரை ஒழுகுது, அது தெரியும்.”

“அப்ப நீங்க மிலானைப் பாக்கவே இல்ல.”

அப்பொலேனா மேஜைக்கு நடந்து போனாள். கைப்பையிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்து, வெறும் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

“காட்டுக் கோபுரம், எண்பத்தேழு. சுளுக்கின காலோட ஏறினேன். நாப்பது பேர் பாத்தாங்க. நீங்களும் பாத்தீங்க, தொப்பிய ஆட்டினீங்க. அப்பறம் என்ன சொன்னீங்க? சீல் இல்ல, நீங்க ஏறலன்னீங்க. அன்னிக்குக் கண்ணு பாத்துச்சு, சீல் இல்ல. இன்னிக்கு சீல் இருக்கு, கண்ணு பாக்கல. எது சாட்சி, இப்பவே சொல்லிடுங்க. கண்ணுதான்னா, கோபுரத்தை எனக்குக் குடுங்க, பூட்ஸை இவருக்குக் குடுங்க. சீல்தான்னா, பூட்ஸை எனக்குக் குடுங்க.”

ஒப்லுஷ்தில் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து, “கண்ணுதான்னா எனக்கும் ரெண்டு கோட்டை வரணும்!” என்றார் ஒருத்தர். “எனக்கு ஒரு மலை!” என்றார் இன்னொருத்தர். “எனக்கு மூணு!” மழை என்றும், காவலாளி தூங்கினான் என்றும், மை காய்ந்துபோச்சு என்றும் இருபது வருஷமாக ஒப்லுஷ்தில் மறுத்த உச்சிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன. எல்லாவற்றையும் திரும்பக் கொடுத்தால் சங்கமும் மிஞ்சாது, தலைவரும் மிஞ்சமாட்டார்.

“சீல்தான்” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. “சீல்தான் சாட்சி.”

பூட்ஸ் குத்தின கோட்டோடு அப்பொலேனா மூன்று வாரம் சந்தைக்குப் போனாள். முட்டை வாங்கக்கூட அந்தக் கோட்டுதான்.

நாலாவது வாரம் மிலானிலிருந்து கடிதம் வந்தது. மூன்று பாஷையில் ஒரே கேள்வி: காணாமல் போன கணவர் கிடைத்துவிட்டாரா? கிடைத்திருந்தால், உள்ளூர் அதிகாரியின் முத்திரையோடு தெரிவிக்கவும். கிடைக்கும்வரை தேடுதல் தொடரும்.

அப்பொலேனா அலோய்ஸுக்கு நல்ல சட்டை மாட்டி நகராட்சிக்கு அழைத்துப் போனாள். குமாஸ்தா தாளைப் படித்தாள், ஆளைப் பார்த்தாள்.

“இதோ எதுத்தாப்பல நிக்கிறாரேம்மா.”

“நிக்கிறது வேற விஷயம். குத்தும்மா.”

குமாஸ்தா அடையாள அட்டை கேட்டாள், கல்யாணப் பத்திரம் கேட்டாள், அலோய்ஸை இப்படித் திரும்பச் சொன்னாள், அப்படித் திரும்பச் சொன்னாள். கடைசியில் ‘இன்னார் இருக்கிறார்’ என்று எழுதி, டப் என்று ஒரு குத்து. அப்பொலேனா குனிந்து மையை ஊதினாள், ஓரம் மங்கலா என்று பார்த்தாள். பிறகுதான் அவர் கையைப் பிடித்தாள்.

வெளியே படி இறங்கும்போது கேட்டாள், “லோய்ஸா, அந்தக் கோயில் உச்சியில என்னதான் நிக்குது?”

அலோய்ஸ் கழுத்தை அண்ணாந்து நகராட்சி ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

“சொன்னா நீ நம்பப் போறியா, பொலென்கா? எங்கிட்ட சீல் இல்லையே.”