தாங்கிக்குள் போன முதல் மழை

மழைக்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகக்கூடாது என்று நெடுந்தீவில் யாரும் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. எனக்கும் தெரியும். தெரிந்தும் போனேன். அதனால்தான் அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். உடுப்புத் தோய்க்கலாம், சட்டி பானை கழுவலாம். தேத்தண்ணீர் போட்டால் வாயில் வைக்க ஏலாது. குடிக்கவும் சமைக்கவும் குசினிக்குப் பின்னால் ஒரு சீமெந்துத் தாங்கி இருக்கிறது. ஓட்டில் விழும் மழை பீலி வழியாக ஓடிவந்து அதில் சேரும். ஐப்பசி, கார்த்திகையில் அது நிரம்பிவிட்டால், பார்த்துப் பார்த்து எடுத்து ஆவணி வரைக்கும் காலத்தை ஓட்டிவிடுவேன். நிரம்பாவிட்டால் பிளாஸ்டிக் தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு பொதுக்குழாயில் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

பீலியின் முனையில் வளைந்த பைப் ஒன்று உண்டு. தாங்கிப் பக்கம் திருப்பினால் தண்ணீர் உள்ளே போகும்; மற்றப் பக்கம் திருப்பினால் முற்றத்துக்குப் போகும். முதல் மழையை நாங்கள் ஒருபோதும் உள்ளே விடுவதில்லை. எட்டு மாதமாகக் காகமும் புறாவும் குடியிருந்த ஓடு அது. எச்சம், சருகு, செத்த பல்லி எல்லாம் முதல் இரண்டு மழையோடு முற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பிறகுதான் பைப்பைத் திருப்புவோம். இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை.

போன வருடம் ஐப்பசி தொடங்கக் கனடாவிலிருந்து என் தம்பி வந்தான். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு வந்தவன், வந்த மூன்றாம் நாளே கைபேசியைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் நின்றான். இரத்தினபுரிப் பக்கத்து மழைக்காடும் நீர்வீழ்ச்சியும் படம் படமாக ஓடின.

"அக்கா, உதுக்கு மழை நேரத்திலதான் போகோணும். அப்பத்தான் தண்ணி நிறைய விழும்."

"மழை நேரத்தில எனக்கு வீட்டில வேலை கிடக்கு."

"என்ன வேலை?"

"தண்ணி பிடிக்கிற வேலை."

விழுந்து விழுந்து சிரித்தான். இதே தாங்கித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன். அவன் சிரித்த அந்த நேரமே நான் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கும் ஆசை இருந்தது. ஐம்பது வயதுக்கு மேலாகியும் ஒரு நீர்வீழ்ச்சியை நேரில் கண்டதில்லை.

போகுமுன் நானே தாங்கிக்குள் இறங்கித் தும்பு போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, பைப்பை முற்றத்துப் பக்கம் திருப்பிவைத்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன்: ரெண்டு மழை பெய்யட்டும், பிறகு வந்து பைப்பைத் தாங்கிப் பக்கம் திருப்பிவிடுங்கோ. என் கணவரிடம் சொன்னேன். தம்பியிடமும் சொன்னேன். புறப்படுமுன் இருந்த பத்து நாளும் எனக்கு வேறு கதையே இருக்கவில்லை. கடைசியில் நாங்கள் மூன்று பேரும் வள்ளம் ஏறினோம்.

தம்பி பிடித்த விடுதி காட்டின் ஓரத்தில் இருந்தது. குளியலறைக் கதவில் மூன்று மொழியிலும் ஓர் அறிவித்தல்: தண்ணீர் அரியது, சிக்கனமாகப் பாவிக்கவும். யாருக்குச் சொல்கிறார்கள்? முகம் கழுவிய தண்ணீரை ஏந்திப் போய் வாழைக்கு ஊற்றுகிறவளுக்கா? யன்னலுக்கு வெளியே அவர்களுடைய பீலியிலிருந்து தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டி வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாளி கூட வைக்க ஆளில்லை. எனக்கு அந்தத் தாளைக் கிழித்தெறிய வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலை காட்டுக்குள் போனோம். அட்டை கடிக்கும், காலில் உப்புத் தடவுங்கள் என்றான் வழிகாட்டி. உப்புக்கு எங்களிடம் என்ன குறை, கிணறு முழுக்க அதுதானே. மேலே பார்த்தால் வானம் தெரியவில்லை, இலைதான். மழை விட்ட பிறகும் மரங்கள் தனியாகப் பெய்துகொண்டிருந்தன. எங்கள் ஊரில் ஒரு வேம்பை வளர்க்க நாலு வருடம் வாளி சுமக்க வேண்டும். அங்கே பாறையில் பிடித்த பாசிக்குக் கூடத் தண்ணீர் வழிந்தது.

பிறகு நீர்வீழ்ச்சி. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு முதலில் வந்தது கோபம். ஒருவர் கூடப் பிடிக்காமல், ஒருவரும் கேட்காமல், இரவும் பகலும் இப்படியா விழுவது? எங்கள் தாங்கியை இதற்கு அடியில் வைத்தால் ஒரு வெற்றிலை போட்டு முடிக்குமுன் நிரம்பிவிடும். இந்த மண்ணில்தானே நாங்களும் இருக்கிறோம், எங்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கணக்கு என்று யாரிடமாவது சண்டை பிடிக்க வேண்டும் போலிருந்தது. சண்டை பிடிக்க அங்கே யாரும் இல்லை. தம்பி என் கையைப் பிடித்து ஓரத்துச் சாரலுக்குள் இழுத்தான். தண்ணீர் தலையில் விழுந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. சின்னப் பிள்ளை போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். தம்பி வீடியோ எடுத்தான்.

மத்தியானம் கடையொன்றில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா கைபேசியில் வந்தா.

"இஞ்ச நேற்று முழுக்க ஒரு மழை, இண்டைக்கு விடிய இன்னொண்டு. ரெண்டும் முடிஞ்சுது, திருப்புவமெண்டு இப்பத்தான் வந்தனான். வந்து பாத்தா, பைப் முன்னமே தாங்கிப் பக்கம் கிடக்குது. நீரே திருப்பிவிட்டுட்டுப் போனனீர்?"

அவ சொன்னதை மற்ற இருவருக்கும் சொன்னேன். யார் திருப்பியது என்று நான் கேட்க முதலே தம்பி பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னான்.

"நான்தான் அக்கா திருப்பினனான். நீங்கள் உந்தப் பைப்பைப் பற்றியே கதைச்சுக்கொண்டிருந்தீங்கள். வெளிக்கிடேக்க சத்தமில்லாமல் திருப்பிவிட்டனான். இனி உங்களுக்குக் கவலையில்லை."

"உனக்கு விசரே? முதல் மழையை ஆரும் தாங்கிக்குள்ள விடுவினமே?"

அவன் முகம் மாறியது. "மறந்துபோனன் அக்கா," என்றான்.

என் கணவர் கறியைக் குழைத்துக்கொண்டே சொன்னார்: "பைப் திரும்பிக் கிடந்ததை நானும் கண்டனான். நீர்தான் ஏதோ யோசிச்சுத் திருப்பினீராக்கும் எண்டு பேசாமல் விட்டனான்."

பத்து நாள் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். ஒருவன் காதில் பைப் என்ற சொல் மட்டும் ஏறியிருக்கிறது. மற்றவர் காதில் அதுவும் ஏறவில்லை. அந்தக் கடையில் நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து மேசைக்காரர் எழும்பி வேறு மேசைக்குப் போனார்.

நாங்கள் வாடகைக்குப் பிடித்திருந்த வான் உடனே ஊர்ப் பக்கம் திரும்பியது. வள்ளம் ஏறும் குறிகட்டுவான் துறைக்கு வந்து சேர்ந்தால் கடல் கொந்தளிப்பு, வள்ளம் இல்லை. மண்கும்பானில் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு நாள் அடைந்து கிடந்தோம். அந்த இரண்டு நாளும் நல்ல மழை, இனி வராத மாதிரியான மழை. பக்கத்து வீட்டு அக்கா பைப்பை வெளியே திருப்பிவிட்டிருந்தா. அழுக்குக்கு மேல் நல்ல தண்ணீரை விட்டு என்ன பயன்? அவவில் பிழை சொல்ல ஏலாது. அந்த மழை முழுவதும் முற்றத்தில் ஓடிக் கடலுக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தேன். முக்கால் தாங்கி தண்ணீர், பழுப்பு நிறத்தில். சருகு மிதந்தது, இறகு மிதந்தது, மணம் மூக்கைப் பொத்த வைத்தது.

"கொதிக்கவைச்சுக் குடிக்கலாம்தானே?" என்றான் தம்பி.

"நீ குடி."

குனிந்து பார்த்தான். அடியில் இருந்த அடைப்பை அவனே பிடுங்கினான். தண்ணீர் மண்ணில் விழுந்து ஓடியது. முக்கால் தாங்கித் தண்ணீர் வீணாக ஓடுவதை என்னால் நின்று பார்க்க முடியவில்லை, குசினிக்குள் போய்விட்டேன். அவன் உள்ளே இறங்கி இருட்டும் வரை தேய்த்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். தேய்த்து என்ன? அவன் விமானம் ஏறும்வரை ஒரு துளி இல்லை. பிறகு பெய்ததும் பெயருக்குத்தான். தாங்கியில் என் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அது மாசியோடு முடிந்தது.

சித்திரையில் ஒரு நாள் பொதுக்குழாயில் கானோடு நின்றேன். எனக்கு முன்னால் பதினைந்து கான்கள். கைபேசி அடித்தது. தம்பி அந்த வீடியோவை அனுப்பியிருந்தான். "அக்கா, இஞ்ச எல்லாருக்கும் காட்டினனான். நீங்கள் இப்பிடிச் சிரிச்சு நான் கண்டதேயில்லை" என்று கீழே எழுதியிருந்தான்.

பார்த்தேன். தண்ணீர் தலையில் கொட்ட, கைகளைத் தூக்கி, பல் முழுக்கத் தெரிய ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அதே காலையில்தான் என் தாங்கிக்குள் காக எச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. தம்பியில் இருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. அந்தச் சிரிப்பைத்தான் இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை.

பின்னால் நின்றவ தோளில் தட்டினா. "தள்ளுமப்பா, முன்னால இடம் வந்திட்டுது."

வெறும் கானைக் காலால் தள்ளி ஓர் அடி முன்னால் வைத்தேன்.