கூடைக்குள் அடங்காத வாளி

காரில் கடைக்குப் போனால் நான் கண்டதையும் அள்ளிக்கொண்டு வருகிறேன் என்று மனைவி சட்டம் போட்டுவிட்டாள். இனி மோட்டார் சைக்கிள்தான். அதன் முன்கூடையில் அடங்குவதை மட்டுமே வாங்கலாம்.

செரண்டா பேரங்காடியில் வெங்காயம், நெத்திலி, தேங்காய்ப்பால் எடுத்தோம். அதோடு கூடைக்குச் சரி. பிஸ்கட் வரிசைப் பக்கம் நான் திரும்பக்கூட இல்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அப்போதுதான் மூடி போட்ட சிவப்பு வாளி ஒன்று பாதி விலையில் கண்ணில் பட்டது. கை சும்மா இருக்குமா? எடுத்துவிட்டேன்.

"இது கூடையில அடங்காதே, எப்படிங்க கொண்டு போறது?" என்றாள்.

"பின்னால உக்காந்து மடியில வச்சுக்க லா."

முறைத்தாள். பிறகு மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"வெறும் வாளியாவா தூக்கிட்டுப் போறது?" என்று சொல்லிவிட்டு, நேரே பிஸ்கட் வரிசைக்குப் போனாள்.