பெண் படிப்புக்கு ஒரு பழமொழி

என் முனைவர் பட்ட நெறியாளருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆய்வேட்டின் ஒவ்வொரு இயலும் ஒரு பழமொழியோடுதான் தொடங்க வேண்டும். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலம்மா. பழமொழி இல்லாத இயலும் அப்படித்தான்" என்பார். பெரம்பலூரில் அவரிடம் ஆய்வு செய்த எல்லோரும் அந்த உப்பைச் சுமந்தவர்கள்தான்.

எனக்கும் அதில் ஆசை இருந்தது. தொடக்கப் பள்ளி பற்றிய இயலுக்கு 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' பொருந்தியது. வகுப்பறைத் தண்டனைக்கு 'அடியாத மாடு படியாது' என்று போட்டு, அடுத்த பத்தியிலேயே அதைத் திட்டித் தீர்த்தேன். நான்காம் இயல்தான் கழுத்தைப் பிடித்தது. எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகள் ஏன் பத்தாவதோடு நின்றுபோகிறார்கள் என்பது அதன் பொருள். பெண் படிப்பதை மெச்சும் பழமொழி ஒன்று வேண்டும்.

உடையார்பாளையத்திலிருந்து அரியலூர் வந்து, பஸ் மாறிப் பெரம்பலூர் போய்க்கொண்டிருந்த காலம். சிமெண்ட் லாரிக்குப் பின்னால் பஸ் ஊரும்போதெல்லாம் பக்கத்து சீட்டுப் பெண்களிடம் கேட்டேன். 'பெண் புத்தி பின் புத்தி' என்றார் ஒருவர், கூச்சமே இல்லாமல். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டால், சித்தப்பா 'பொம்பள சிரிச்சா போச்சு, புகையில விரிச்சா போச்சு' என்று போட்டார். அதற்கு நாலு பேர் கைதட்டல் வேறு. நூலகத்துத் தொகுப்புகளைப் புரட்டினாலும் என் கண்ணில் பட்டது இதே சரக்குதான். மாட்டுக்கும் மழைக்கும் மாமியாருக்கும் இத்தனை சொல்லி வைத்த சனம், இதற்கு ஒரு வரி சொல்லவில்லையே என்று எரிச்சலாக வந்தது. நெறியாளரோ பழமொழி வராமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கேட்டேன். அம்மா அப்போது முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தோட்டின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்திருக்கும். அம்மா இல்லாத இந்த நாட்களில் அந்த ஞாயிற்றுக்கிழமையை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

"அடுப்பூதற பொண்ணுக்குப் படிப்பு எதுக்குன்னு சொல்லுவாங்க. வேற எனக்கு என்னா தெரியும்?" என்றார்.

"நீயே இப்படிச் சொல்றியே. நான் பத்தாவது முடிச்சப்ப அப்பாகிட்ட என்னா சொன்ன?"

"அதுவா பழமொழி? ஏதோ அந்த நேரத்துக்கு வாயில வந்துச்சு."

நான் பத்தாவது முடித்த அன்று அப்பா, தம்பிகளுக்குச் சோறு பொங்க வீட்டில் ஆள் வேண்டும், படித்தது போதும் என்றார். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அம்மா உட்காரக்கூட இல்லை. "புள்ள போவட்டும். வூட்டு வேலய நான் பாத்துக்கறேன்" என்றார். நான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தேன்.

அந்த இரண்டு வாக்கியங்களைத்தான் நான்காம் இயலின் தலையில் எழுதினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. நெறியாளர் படித்துவிட்டுப் பேனாவை மூடினார், பிறகு திறந்தார். "நல்லாத்தான் இருக்கு. மூலம் கேட்டா என்னம்மா சொல்லுவ?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வுக்கு அம்மாவும் வந்திருந்தார். எல்லோருக்கும் கொடுக்க வாங்கிய லட்டு, மிக்சர் பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நேராக நான்காம் இயலைத் திறந்தார்.

"எல்லா மேற்கோளுக்கும் அடிக்குறிப்பு இருக்கு. இதுக்கு மட்டும் இல்ல. ஆதாரம் இல்லாத மேற்கோள நான் எப்படி ஏத்துக்கிறது? இதுக்கு மூலம் எதுங்கம்மா?"

பட்டம் கைக்கு வந்த நேரத்தில் கெடுத்துக்கொண்டேனே என்று நெறியாளர் முகத்தைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசி வரிசையில உக்காந்திருக்காங்க சார்" என்றேன்.

மொத்த அரங்கமும் திரும்பியது. என்ன கேட்கிறார்கள், ஏன் பார்க்கிறார்கள் என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு பதறி எழுந்தார்.

"நான் ஒண்ணும் சொல்லலீங்களே சார்."

தேர்வாளர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நான் மைக்கைப் பிடித்தபடி அழுதுகொண்டு நின்றேன்.