இரண்டு கறுப்பு ஜீப்புகள்

இலங்கை மலைநாட்டுக்குச் செல்போன் வந்த புதிதில், அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டிரைவராக இருந்தேன்; தோட்ட நிர்வாகியான துரையின் கறுப்புச் சொகுசு ஜீப்பை ஓட்டிவந்தேன். ஒருநாள் கொழும்பு விருந்தாளி ஒருவர் அச்சு அசலாக அதேபோன்ற ஜீப்பில் வந்தார். விருந்தாளியின் ஜீப்பை மேட்டிலுள்ள பீலியில், மலையிலிருந்து குழாய்வழி கொட்டும் தண்ணீரில் கழுவிவரச் சொல்லித் துரை சாவியைத் தந்தார்.

வெளியே மூடுபனி. பங்களா மேட்டில் எங்கள் ஜீப்பை ஆழ மிதித்தால்தான் ஏறும். பழக்கத்தில் அப்படியே மிதித்தேன். அது பறந்தது! தேயிலைச் செடிகள் கனவில்போல் வெள்ளைக்குள் கரைந்து ஓடின. வளைவு தாண்டித்தான் நிறுத்த முடிந்தது.

இறங்கினேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடைகளோடு ஓரத்தில் ஒண்டி நின்றார்கள்.

“சத்தம் வேற மாதிரி கேட்டுச்சுங்கண்ணே, அதான் ஒதுங்கிட்டோம்,” என்றாள் லெட்சுமி. “நம்ம தொர ஜீப்புன்னா நடுரோட்டுலயே நடந்திருப்போம்.”

அது அதிவேக இஞ்சின் பூட்டிய ரகம் என்று விருந்தாளி பிறகுதான் சொன்னார். பின்னால் போய்ப் பார்த்தேன். எங்களுடையதற்கு இரண்டு சைலன்சர் குழாய்கள், அதற்கு நான்கு.

இப்போது எந்த வண்டியையும் பின்புறம் பார்த்துவிட்டே ஏறுகிறேன். ஸ்டார்ட் செய்ததும் கண்ணாடியை இறக்கிக் கொஞ்சநேரம் கேட்கிறேன். பனிக்குள் நின்ற லெட்சுமிக்குக் கேட்டது, உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு அன்று கேட்கவில்லையே.