நீடில் ரூம் முத்துப்பேச்சியின் இரண்டு பற்கள்

மகுடேஸ்வரனின் பனியன் கம்பெனியில் முதலாளியையே வாசலில் நிறுத்தி வைத்த ஆள் ஒருத்திதான் உண்டு. முத்துப்பேச்சி. கமுதிப் பக்கம் பிறந்தவள். சின்ன வயதில் அத்தை குடும்பத்தோடு பஸ் ஏறித் திருப்பூருக்கு வந்து, நூல் வெட்டும் வேலையில் ஆரம்பித்து, தையல் கற்று, செக்கிங் பார்த்து, கடைசியில் நீடில் ரூமுக்கு வந்து சேர்ந்தாள். அந்த ரூமில் அவள் வைத்ததுதான் சட்டம்.

கைக்குழந்தைகளின் உடுப்பு தைக்கிற கம்பெனி அது. தையல் மெஷினில் ஊசி முறிவது தினமும் நடக்கிற காரியம். முறிந்த துண்டு துணிக்குள் மாட்டிக்கொண்டு கப்பலேறிப் போய், எங்கோ ஒரு தேசத்தில் ஒரு பச்சைப்பிள்ளையின் கழுத்தில் குத்தினால் என்ன ஆவது? அதற்காகத்தான் பெட்டியில் அடுக்கும் முன் ஒவ்வொரு உடுப்பையும் நீடில் ரூம் மெஷினின் பெல்ட்டில் ஓட விடுவார்கள். இரும்பு கிடந்தால் மெஷின் கத்தும், பெல்ட் நின்றுவிடும். அந்த ரூமுக்குள் போகிறவர்கள் உடம்பில் ஒரு குண்டூசிகூட இருக்கக் கூடாது. தாலிக்கு மட்டும் விலக்கு, அதையும் துணியில் சுற்றிக்கொள்ள வேண்டும். வளையல், கொலுசு, ஹேர்பின், ஊக்கு எல்லாம் மஞ்சள் கோட்டுக்கு வெளியே இருக்கிற டிரேயில் போட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

இது எல்லாக் கம்பெனியிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் எழுதி ஒட்டிய சட்டத்துக்கும் முத்துப்பேச்சி காக்கும் சட்டத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கோட்டில் நிற்கிற ஒவ்வொருவரையும் இரும்பைக் காட்டிக்கொடுக்கிற கை மெஷினால் தடவிப் பார்ப்பாள். அது கத்திவிட்டால் அன்றைக்கு அந்த ஆளுக்கு உள்ளே வேலை கிடையாது. வெளியே உட்கார்ந்து துணி மடிக்க வேண்டியதுதான். புதுக்கல்யாணப் பெண் கண்ணைக் கசக்கினாலும் சரி, முதலாளி இடுப்பு பெல்ட்டோடு வந்து நின்றாலும் சரி, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். அப்படி வாசலில் நிறுத்தப்பட்ட அன்றைக்கு மகுடேஸ்வரன் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். போனவர், அந்த மாதமே அவளை ரூம் இன்சார்ஜ் ஆக்கினார்.

அவளுக்கு இவ்வளவு வைராக்கியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு மஞ்சள் நிறச் சட்டையைச் சொல்வாள். அந்த ரூமில் சேர்ந்த புதிதில் மெஷின் கத்தி, அந்தச் சட்டையைப் பிரித்துப் பார்த்தபோது கழுத்துப்பட்டிக்குள் எள்ளளவு ஊசிமுனை கிடந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தன் மகனைக் கைக்குழந்தையாகத் தூக்கி வைத்திருந்த காலம் கண்ணுக்குள் வந்து நின்றது.

இப்படிப்பட்டவளுக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது. நூல் வெட்டும் வயதில் கத்தரியைத் தேடச் சோம்பல்பட்டு பல்லாலேயே கடித்துக் கடித்து அவை தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. மிச்ச வேலையை நல்லூர் ரோட்டின் வேகத்தடை ஒன்று முடித்து வைத்தது. புருஷன் முனீஸ் வண்டியை ஓட்ட, பின்னால் இருந்தவள் தூக்கி எறியப்பட்டாள். முனீஸுக்குச் சிராய்ப்புகூட இல்லை என்பதை இன்றைக்கும் ஒரு குற்றமாகத்தான் சொல்லிக் காட்டுவாள்.

கழற்றி மாட்டுகிற பல்செட் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டாள். பக்கத்துப் பற்களில் கொளுவிக்கொள்ள அதில் இரண்டு பக்கமும் கம்பி இருந்தது. கம்பி என்றால் இரும்பு. அடுத்த நாள் காலையில் மஞ்சள் கோட்டில் வந்து நின்றவள், யாரும் கேட்காமலே பல்செட்டைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு டிரேயில் வைத்துவிட்டு, பொக்கை வாயோடு உள்ளே போனாள். அன்று தொடங்கியது அந்த வழக்கம். வெளியே பல்லோடு இருப்பவள், தான் ராணியாக இருக்கிற ரூமுக்குள் மட்டும் பல்லில்லாமல், வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவாள். பாதிப் பேச்சு காற்றாகப் போகும். பீகாரிலிருந்து வந்த ஆஷா என்ற பெண் மூன்று வருஷமாக அவளோடு உள்ளே வேலை பார்த்தும், அவள் சிரித்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

இதையும் பொறுத்துக்கொண்டிருந்திருப்பாள். ஆனால் உடுப்பு வாங்குகிற வெளிநாட்டு பையர் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் ரூமைப் பார்க்க வந்த நாளில்தான் அவளுக்குச் சுருக்கென்றது. இந்த ரூம் யார் பொறுப்பு என்று அந்த அம்மாள் கேட்க, ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் நித்தீஷ் மொழிபெயர்த்து முத்துப்பேச்சியைப் பார்த்தான். அவள் வாயைப் பொத்தியபடி ஏதோ சொன்னாள். அவனுக்கே விளங்கவில்லை. பையன் கெட்டவனில்லை, நேரம் போகிறதே என்று தானே முன்வந்து ரூமைப் பற்றி முழுவதும் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தான். வந்த அம்மாள் அவனுக்குக் கைகொடுத்துப் பாராட்டிவிட்டுப் போனாள். முத்துப்பேச்சி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தன் ரூமில் தன் வாயால் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் போனதே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது, ஆத்திரமும் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பல் டாக்டர் சுபஸ்ரீயிடம் போனாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாக இருக்கிறது, இம்பிளான்ட் வைக்கலாம் என்றார். ஒவ்வொரு பல்லுக்கும் தாடை எலும்புக்குள் சின்ன ஸ்க்ரூ ஒன்றை இறக்கி, அதை எலும்பு இறுகப் பிடித்துக்கொள்ளச் சில மாதம் விட்டு, பிறகு அதன் மேல் பல்லைப் பொருத்துவது. சொந்தப் பல் மாதிரி இருக்கும், கழற்றவே வேண்டாம். முத்துப்பேச்சி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தவள், கடைசியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஸ்க்ரூன்னா இரும்பா டாக்டரம்மா?"

டைட்டானியம் என்ற உலோகம் என்று சுபஸ்ரீ சொன்னார். உலோகம் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. முத்துப்பேச்சிக்கு முகம் செத்துவிட்டது. கழற்றவே வேண்டாம் என்பதுதான் மற்றவர்களுக்குச் சுகம், அவளுக்கோ அதுதான் இடி. கழற்ற முடியாத உலோகத்தை வாயில் வைத்துக்கொண்டு மஞ்சள் கோட்டை எப்படித் தாண்டுவது? பல் வேண்டுமென்றால் ரூமை விட வேண்டும், ரூம் வேண்டுமென்றால் பல்லை விட வேண்டும் என்று ஆகிப்போனது.

செக்கிங்கில் இருக்கிற ரோஸ்மேரி தூத்துக்குடிக்காரி, முத்துப்பேச்சிக்குக் கூடப்பிறக்காத தங்கச்சி. அவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு எளிதாக ஒரு வழி சொன்னாள்.

"பேசாம வச்சுக்கிடுங்கக்கா. எலும்புக்குள்ள இருக்கதை யாரு வாயத் தொறந்து பாக்கப் போறாவ?"

"நான் பாப்பேன்லடி. ஒரு ஹேர்பின்னுக்காக எத்தனை பிள்ளைகளை வெளிய ஒக்கார வச்சிருக்கேன். அதுக மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

மேலே பேசிப் பயனில்லை என்று ரோஸ்மேரிக்குத் தெரியும்.

நேராக முதலாளியிடம் போனாள் முத்துப்பேச்சி. இனி வாயைப் பொத்திக்கொண்டு நிற்க முடியாது என்றும், கழற்றாத பல்லே வைத்துக்கொள்ளப் போவதாகவும் சொல்லி, தன்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிடும்படி கேட்டாள். பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கிறவள் மாதிரி நின்றாள். மகுடேஸ்வரன் பதறிவிட்டார்.

"ஏனுங்க பேச்சிக்கா, இதுக்குப் போயி ரூமை விடுவாங்களா? உங்களுக்கு மட்டும் விலக்குன்னு நானே சொல்லிப்போடறனுங்க. நீங்க பாட்டுக்கு உள்ள போங்க."

வேறு யாராக இருந்தாலும் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்திருப்பார்கள். இவளோ அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்குத் தனக்கு ஒரு விலக்கு என்றால் நாளைக்கு ஒவ்வொருத்தியும் ஒரு காரணத்தோடு வருவாள், பிறகு ரூம் ரூமாக இருக்காது என்றாள். சலுகை கொடுக்க முதலாளி தயார், வாங்கத்தான் ஆள் இல்லை. கடைசியில் அவளே ஒரு வழி கேட்டாள். அந்த ஸ்க்ரூவை மெஷினில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கத்தினால் பேக்கிங், கத்தாவிட்டால் ரூம். தீர்ப்பை மெஷின் சொல்லட்டும், மனுஷர் யாரும் சொல்ல வேண்டாம்.

சுபஸ்ரீயிடம் போய் ஸ்க்ரூவைக் கடனாகக் கேட்ட முதல் நோயாளி இவளாகத்தான் இருப்பாள். டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு விஷயத்தைக் கேட்டுவிட்டு, நோயாளிகளுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மேலே மாட்டுகிற பல்லில் இரும்பு இருக்குமா என்று அடுத்த கேள்வி வந்தது. உள்ளே உலோகம் வைத்த பல்லும் உண்டு, உங்களுக்குப் பீங்கான் மாதிரியான சிர்கோனியாப் பல்லே போட்டுவிடலாம் என்றார். அப்படியானால் அதிலும் ஒன்று கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் நீடில் ரூம் வாசலில் கூட்டம். மகுடேஸ்வரன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றார். முத்துப்பேச்சி முதலில் தன் பழைய பல்செட்டை ஒரு குழந்தைச் சட்டையில் சுற்றி பெல்ட்டில் வைத்தாள். மெஷின் கத்திக்கொண்டு நின்றது. இத்தனை வருஷம் கழற்றி வைத்தது வீணில்லை என்று அவள் முகத்தில் ஒரு திருப்தி. பிறகு ஸ்க்ரூவையும் பல்லையும் அதே சட்டையில் வைத்து ஓட விட்டாள். சட்டை மெஷினுக்குள் நுழைந்தது. ரோஸ்மேரி சிலுவை போட்டுக்கொண்டாள். சட்டை சத்தமில்லாமல் அந்தப் பக்கம் வந்து விழுந்தது. மறுபடி ஓட்டினாள். குறுக்கே வைத்து, நெடுக்கே வைத்து, ஓரத்தில் வைத்து, நடுவில் வைத்து, பார்க்கிறவர்களுக்கு அலுத்துப்போகும் வரைக்கும் ஓட்டினாள். மெஷின் வாயே திறக்கவில்லை. அது கத்துவது இரும்புக்குத்தான், டைட்டானியத்துக்கு இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் டாக்டர் வேலை. ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து ஸ்க்ரூ இரண்டையும் இறக்கினார்கள். சில நாள் முனீஸ் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தான், வேகத்தடைக்கு அதுதான் பரிகாரம் என்று அவளும் வாங்கிக் குடித்தாள். எலும்பு அவற்றைப் பிடிக்கிற வரைக்கும் பொக்கை வாயும் பொத்திய கையுமாகவே ரூமில் வேலை ஓடியது. பிறகு பல் வந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் ஒரு முறுக்கை எடுக்கப் போக, அதை முன்பல்லால் கடிக்கக் கூடாது, நூலைக் கடிக்கிற எண்ணமே கூடாது என்று டாக்டர் சொன்னதை முனீஸ் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

புதுப்பல்லோடு ரூமுக்குப் போகிற முதல் நாளும், பையர் அம்மாள் மறுபடி வருகிற நாளும் ஒன்றாக அமைந்துவிட்டது. முத்துப்பேச்சி தீபாவளிக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டாள். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் முனீஸிடம் ஒப்பித்துக்கொண்டே வந்தாள்.

மஞ்சள் கோட்டில் நின்று கை மெஷினை ரோஸ்மேரியிடம் கொடுத்தாள். எல்லாரையும் தடவுகிற மாதிரி தன்னையும் தடவச் சொன்னாள், அதுவும் வாயிலிருந்து. ஆஷாவும் மற்றவர்களும் சுற்றி நின்றார்கள். மெஷின் அவள் மேலுதட்டின் மேல் மெதுவாகப் போனது. சத்தமில்லை. தாடையில் போனது. சத்தமில்லை. முத்துப்பேச்சி தலையை நிமிர்த்திக்கொண்டாள். கழுத்தைத் தாண்டித் தோளுக்கு வந்ததும் மெஷின் ஊரைக் கூட்டியது.

புதுச்சேலை வழுக்குகிறதே என்று தோளில் குத்திய ஊக்கு. பல்லின் நினைப்பில் அதை அடியோடு மறந்திருந்தாள். ரோஸ்மேரி அவளைப் பார்த்தாள், டிரேயைப் பார்த்தாள். பிறகு அழுகிற குரலில் சொன்னாள்.

"வெளிய போங்கக்கா. இன்னைக்கு உங்களுக்கு உள்ள வேலை இல்ல."

முத்துப்பேச்சி சிரித்தாள். வாயைப் பொத்தாமல், புதுப்பல் இரண்டும் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தாள். ஊக்கைக் கழற்றி டிரேயில் போட்டுவிட்டு, மடிக்கிற மேஜையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பையர் அம்மாள் வந்தபோதும் அங்கேதான் இருந்தாள். இன்சார்ஜ் எங்கே என்று கேட்டதும் நித்தீஷ் திரும்பி மேஜையைக் காட்டினான், அவளுக்குப் பதிலாக இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. முத்துப்பேச்சி எழுந்து வந்து மஞ்சள் கோட்டுக்கு வெளியிலேயே நின்றாள். வழியெல்லாம் ஒப்பித்ததில் ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை.

"இந்த ரூமுக்கு இன்சார்ஜ் நான்தாம்மா. இன்னைக்கு எங்கிட்ட ஒரு ஊக்கு இருந்துச்சு. அதனால வெளிய நிக்கிறேன்."

ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக விழுந்தது. ரூமின் கடைசி மூலையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த ஆஷாவுக்கும் கேட்டது.