வச்சிக்கினு இருக்கேன் என்று சொன்னேன்

மக்காச்சோளம் ஒடிக்கப் போயிருந்தோம். சோறு தின்ன வரப்பில் உட்கார்ந்தபோது பக்கத்து வீட்டு அக்கா போனை நீட்டினாள்.

"இன்னாடி இது, நீயா?"

நான்தான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கையில் ஒரு பெரிய பையோடு நின்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். என் தலைக்கு மேலே மஞ்சள் எழுத்து: 'மாமாவ நான்தான் வச்சிக்கினு இருக்கேன்! வூட்டுக்காரருதான் வச்சிக்கச் சொன்னாரு!' பக்கத்தில் தீ எரிகிற படம், கண் பிதுங்கின ஒரு பொம்மை மூஞ்சி.

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். படித்து முடித்தும் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. ஆமாம், நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன், இதைப் போய் எதற்குப் போட்டார்கள் என்றுதான் நினைத்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கூட வேலை செய்கிறவர்களில் ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எல்லாரும் முன்னாலேயே பார்த்துவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு அந்த இன்னொரு அர்த்தம் உறைத்தது. கையில் இருந்த சோற்றைச் சட்டியிலேயே போட்டு மூடினேன்.

எங்கள் பக்கத்தில் வயசானவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்ல இந்த ஒரு வார்த்தைதான். வீட்டில் ஒருத்தர் செத்து, காரியம் முடிந்து, பங்காளிகள் உட்கார்ந்து பேசும்போது கேட்பார்கள்: "அப்பாவ யாரு வச்சிக்கிறது?" யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து "நான் வச்சிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் கடைசி வரைக்கும் அதுதான். என் மாமியார் காரியத்தன்று மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெண்சாதி உள்ளே பாத்திரம் கழுவப் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் சொன்னேன். சொல்லிவிட்டு இதில் இன்னாத்தையாவது கோட்டை விட்டுவிடுவேனோ என்று கவலைப்பட்டேன். எதற்கும் கவலைப்படுகிறவள்தான் நான். ஆனால் இப்படி ஒரு கவலை வரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மாமாவுக்கு, என் மாமனாருக்கு, அப்போதே வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டிருந்தது. பேச்சு குழறும். படுத்தபடியே இருந்தால் முதுகில் புண் வந்துவிடும், தண்ணீர் ஊற்றுகிற பெட் வாங்கிப் போடுங்கள் என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னார். அதை வாங்கத்தான் அன்றைக்குக் கள்ளக்குறிச்சி போனேன்.

பஸ் ஸ்டாண்டில் ரெண்டு பையன்கள், ஒருத்தன் கையில் மைக். போகிற வருகிற பொம்பளைகளை மட்டும் நிறுத்தினார்கள்.

"அக்கா, ஒரே கேள்விதான். உங்க வூட்ல மாமியார் ராஜ்ஜியமா, மருமகள் ராஜ்ஜியமா?"

"மாமியார் இல்லிங்க, பூட்டாங்க."

"அப்ப மருமகள் ராஜ்ஜியம்! பையில இன்னாக்கா?"

"பெட்டுங்க."

"யாருக்கு?"

"மாமாவுக்கு. வாதம் வந்து படுத்த படுக்கையா கெடக்கறாரு. மாமாவ நான்தான் வச்சிக்கினு இருக்கேன்."

மைக் பிடித்தவன் சிரித்தான். கேமரா பிடித்தவன் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். நல்ல பையன்கள், சிரித்துப் பேசுகிறார்கள் என்று நானும் சிரித்தேன்.

"உங்க வூட்டுக்காரரு ஒண்ணும் சொல்றதில்லியா?"

"அவரு இன்னா சொல்வாரு? வூட்டுக்காரருதான் வச்சிக்கச் சொன்னாரு."

"செம்ம அக்கா நீங்க!"

பஸ் புறப்பட்டுவிடுமோ என்று ஓடினேன். ஊர் வந்து சேருவதற்குள் அதை மறந்தும் போனேன். போனில் வந்த வீடியோவில் வாதமும் இல்லை, படுத்த படுக்கையும் இல்லை. பை, பெட், மாமா, என் சிரிப்பு. அவ்வளவுதான். நான் சொல்லாத ஒரு வார்த்தையைக்கூட அவர்கள் சேர்க்கவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மகள், வீடியோவுக்குக் கீழே கண்டவர்களும் எழுதியிருந்ததை எல்லாம் படித்துக் காட்டினாள். போதும்டி என்றேன், ஆனால் காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சீரியல் எல்லாம் இவளிடம் பிச்சை வாங்கணும் என்று ஒருத்தன். பொம்பளைக்கு பஸ்ஸை இலவசமாக விட்டால் இப்படித்தான் ஊர் மேயும் என்று இன்னொருத்தன். இவளை மாதிரி ஆளுங்களால்தான் நமக்கெல்லாம் கெட்ட பேர் என்று ஒரு பொம்பளை. அந்தப் பொம்பளையின் படத்தில் அவள் மடியில் ஒரு கைக்குழந்தை இருந்தது. அதை ரொம்ப நேரம் பார்த்தேன்.

மளிகை சாமான் மடித்து வரும் பேப்பரைப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஆம்பளை செத்தால் விவசாயி, டிரைவர் என்று வேலையைப் போடுகிறான். பொம்பளை செத்தால் அழகி என்கிறான், யாரோடு பேசினாள் என்கிறான். டிவியில் மருமகள் என்றால் ஒன்று அழ வேண்டும், இல்லாவிட்டால் யாரையாவது அழ வைக்க வேண்டும். மாமனாருக்குக் கஞ்சி ஊட்டுகிற ஒருத்தியை அவர்கள் எதில் சேர்ப்பார்கள்? அதுதான் பையன்கள் தங்களுக்குத் தெரிந்ததில் என்னைச் சேர்த்துவிட்டார்கள்.

மகள் அந்தச் சேனலுக்கு எழுதினாள். எங்க தாத்தா, வாதம் வந்தவரு, தயவுசெஞ்சி எடுத்துடுங்க என்று. பதில் வந்தது. 'வியூஸ் நல்லா போய்ட்டு இருக்கு, கொஞ்ச நாள் கழிச்சு எடுக்கறோம். அக்கா ரொம்ப ஜாலி டைப். இன்னொரு பேட்டி குடுப்பாங்களா?' மகள் அதைப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். தெரியாமல் செய்திருப்பார்கள் என்று அதுவரைக்கும் ஒரு பக்கம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் போர் போடுகிற லாரியில் வடக்கே வேலை செய்கிறார். அவருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. போன் பண்ணினார்.

"எனக்குத் தெரியாதா நீ இன்னா சொன்னேன்னு."

"தெரியுதில்ல? அது போதும் எனக்கு."

"தெரியுது. ஆனா வேற மாதிரி சொல்லியிருக்கலாம்ல? லாரில எல்லாப் பசங்களும் மாமா எப்பிடி இருக்காருன்னு என்னைக் கேக்கறானுங்க."

"வேற மாதிரின்னா எப்பிடி? நீங்க எப்பிடிச் சொல்வீங்க?"

அவருக்கும் தெரியவில்லை. லாரி கிளம்புகிறது என்று போனை வைத்துவிட்டார்.

ஊரில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஷேர் ஆட்டோவில் ஏறினால் பேச்சு நின்றது. நைனார்பாளையம் கடையில் சீயக்காய் கேட்டால், "மாமாவுக்காக்கா?" என்றான் கடைக்காரன். அவன் சொந்த அத்தையை அவன் பெண்சாதிதான் வைத்துக்கொண்டிருக்கிறாள். அதை அவனே என்னிடம் அதே வார்த்தையில் சொல்லியிருக்கிறான். அவனுக்குக்கூட இப்போது காது மாறிவிட்டது. யாரோ ரெண்டு பையன்கள் ஒரு நாளில் எங்கள் ஊர்க் காதையே மாற்றிவிட்டார்கள் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

மாமாவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவரிடம் போன் இல்லை. ஆனால் அவரைப் பார்க்க வந்த ஒரு கூட்டாளி, பழைய கேலிக்காரர், கட்டிலில் உட்கார்ந்து, "இன்னாப்பா, மருமவ உன்ன வச்சிக்கினு இருக்குதாமே, ஊரு ஒலகமெல்லாம் பேச்சு," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். நான் அடுப்பங்கரையில் இருந்தேன். மாமா சிரிக்கிற சத்தம் கேட்கவில்லை.

சாயந்திரம் வெந்நீர் எடுத்துக்கொண்டு போனேன், உடம்பு துடைக்க. இடது கையால் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வாணாம்."

"மாமா, ஈரமா கெடக்குது மாமா."

"வாணாம்மா. நீ போ."

குழறலாகத்தான் சொன்னார், ஆனால் கெட்டியாகச் சொன்னார். வாதம் வந்த நாளில் இருந்து அவர் என் கையைத் தடுத்ததே இல்லை. நான் நின்றேன். அவர் சுவர்ப்பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். ஈரத்திலேயே கிடந்தார். மகளை அனுப்பினேன், அவளையும் விடவில்லை. கடைசியில் தெருவில் போன ஒரு ஆம்பளையைக் கூப்பிட்டுத்தான் வேட்டி மாற்ற வேண்டி வந்தது. தினம் எந்த ஆம்பளையைத் தேடுவேன்? யார் வருவார்கள்?

மூத்தார் திருக்கோவிலூரில் இருந்து கார் வைத்துக்கொண்டு வந்தார். பண்டிகைக்குக்கூட வராதவர். ரெண்டு பங்காளிகளும் வந்து உட்கார்ந்தார்கள்.

"ஊரு சிரிக்குது. எங்கப்பன நான் இட்டுக்கினு போறேன்," என்றார்.

அவர்களில் வயசில் பெரியவர், "மொறையாக் கேட்டுடுவோம். இவர யாரு..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் அவர் வாயில் வரவில்லை. இருமினார். அப்புறம், "இனிமே இவரு எங்க இருக்கறது?" என்று மாற்றிக் கேட்டார். வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மாமா முந்திக்கொண்டார். "பெரியவனாண்ட போறேன்," என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. என் பேரைக் காப்பாற்றத்தான் போகிறார் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

பெட்டில் இருந்த தண்ணீரை இறக்கி மடித்துக் கொண்டுபோய் காரில் வைத்தேன். மூத்தார் எடுத்து வெளியே வைத்தார்.

"இந்த பெட்டெல்லாம் வாணாம். இதத்தான் ஊரே பாத்துடுச்சே."

கார் போய்விட்டது. பெட் என் கையில் இருந்தது.

மாசம் ஒன்று ஆகியிருக்கும். மூத்தார் பெண்சாதி போன் பண்ணினாள். "முதுவுல புண்ணு. எனக்குக் கிட்டப் போவ முடியல. வந்து பாரு," என்றாள். எப்போதும் உரக்கப் பேசுகிறவள் மெதுவாகப் பேசினாள். முதல் பஸ்ஸில் போனேன். புரட்டிப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் பிளந்திருந்தது. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. நாற்றம் தாங்கவில்லை. ஒரு பஸ் ஸ்டாண்டில் பல்லைக் காட்டிச் சிரித்ததற்கும் இந்தப் புண்ணுக்கும் நடுவில் வேறொன்றும் இல்லை என்று நினைத்தபோது எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது.

யாரையும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டிக் கட்டுப் போட்டு, ஒரு வேன் பேசி, நேராக எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். என் வீட்டுக்காரர், "சரி, நீ செய்யறதச் செய்யி, எவன் கேட்டாலும் நான் பாத்துக்கறேன்," என்றார். மூத்தார் இன்னும் பேசுவதில்லை.

புண் ஆறிக்கொண்டு வருகிறது. நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டுப் போகிறார். மாமா இப்போது என்னைத் துடைக்க விடுகிறார், தடுப்பதில்லை. முன்பெல்லாம் துடைக்கும்போது வாய் ஓயாது. எந்தக் கொல்லையில் மோட்டார் ஓடுகிறது, எவன் வரப்பை வெட்டினான், கஞ்சியில் உப்பு கம்மி, எல்லாம் குழறிக் குழறிச் சொல்லுவார். பாதி புரியும், பாதிக்கு நான் உம் கொட்டுவேன். இப்போது நான் வெந்நீர்ச் சட்டியோடு உள்ளே வந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறார். துடைத்து, வேட்டி மாற்றி, நான் வெளியே போகிற வரைக்கும் திறப்பதில்லை.